முள்ளங்கி ஸ்டஃப்டு சப்பாத்தி தேய்க்கும்போது கிழிவது ஏன்?

வேளச்சேரி_வாசகி

வணக்கம். உருளைக்கிழங்கு வைத்த சப்பாத்தி ஒழுங்காக வருகிறது. அதே மாவில் முள்ளங்கி வைத்தால் மட்டும் பாதி தேய்ப்பதற்குள் ஓரத்தில் ஈரம் கசிந்து கிழிகிறது. பாக்கெட் ஆட்டா 2 கப், பெரிய முள்ளங்கி 2. துருவி, உப்பு, மிளகாய்த்தூள், ஓமம், கொத்தமல்லி எல்லாம் கலந்து வைத்துவிட்டு மாவு பிசைகிறேன். மாவு அரை மணி நேரம் ஊறுகிறது. பூரணத்தை வதக்கினால் சரியாகுமா, மைதா சேர்க்க வேண்டுமா? மழை நாளில் இன்னும் மோசம். அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கசாலை

மைதா வேண்டாம். வதக்கவும் வேண்டாம். கிழிவதற்குக் காரணம் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே இருக்கிறது. உப்பு போட்டுக் கலந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் மாவைப் பார்க்கிறீர்கள். அந்த அரை மணியில் உப்பு முள்ளங்கியின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். முள்ளங்கியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். உருளையில் அது 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதையும் வெந்த மாவுச்சத்து பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உருளை உங்களைக் காப்பாற்றுகிறது.

உப்பு தண்ணீரை இழுக்கத்தான் செய்யும். அதை மாவுக்குள் போகும் முன்பே இழுக்கவிட்டுப் பிழிந்துவிட வேண்டும். 8 சப்பாத்திக்கு இந்த அளவில் செய்யுங்கள்:

முள்ளங்கி 700 கிராம், தோல் சீவி நடுத்தரத் துளையில் துருவியது. கல் உப்பு வேண்டாம், தூள் உப்பு தலை தட்டி 1 தேக்கரண்டி. பிசிறி 20 நிமிடம் வடிகட்டியில் வையுங்கள், கீழே பாத்திரம் இருக்கட்டும். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கையால் பிழிந்தால் போதாது, துணி வேண்டும். துருவல் எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்து 350 கிராம் அளவுக்கு வர வேண்டும். 450 கிராம் இருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, மறுபடி முறுக்குங்கள்.

பிழிந்த துருவலில் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 2, இஞ்சித் துருவல் 2 தேக்கரண்டி, கசக்கிய ஓமம் அரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் 1 தேக்கரண்டி, மாங்காய்த் தூள் 1 தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி. இனி உப்பு தேவையில்லை, பிழிந்த பிறகும் துருவலில் போதுமானது நிற்கும். கொத்தமல்லித் தண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அரை செ.மீ. தண்டு ஒன்று போதும், மாவைக் குத்திக் கிழிக்க.

மாவுக்கு ஆட்டா 300 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் 190 மில்லி. பிழிந்த முள்ளங்கித் தண்ணீரிலேயே பிசையலாம், சுவை நன்றாக ஏறும். அப்படிப் பிசைந்தால் மாவில் ஒரு சிட்டிகைக்கு மேல் உப்பு போடாதீர்கள், முதலில் பிசிறிய உப்பில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

மாவும் பூரணமும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். மாவு கெட்டியாக, பூரணம் தளர்வாக இருந்தால் கட்டை அழுத்தும்போது பூரணம் ஓடி ஓரத்தில் முட்டும், மாவு பின்தங்கும். சாதாரணச் சப்பாத்தி மாவைவிட இது ஒரு படி தளர்வாக, காது மடலைத் தொட்டால் இருக்கும் மென்மையில் இருக்கட்டும்.

அடுப்படி_அளவுகள்

தங்கசாலை சொன்னதில் எல்லாம் சரி, பிழிந்த தண்ணீரில் மாவு பிசைவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முள்ளங்கியின் காரமும் வாடையும் அந்தத் தண்ணீரில் நிறைய இருக்கும். சுடச்சுடத் தட்டில் போடுவதானால் தெரியாது. டப்பாவில் அடைத்துப் பள்ளிக்கோ ஆபீசுக்கோ போவதானால் மதியம் மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசை வரை போகும். டப்பாவுக்குச் செய்யும் நாளில் வெறும் தண்ணீரில் பிசையுங்கள். முள்ளங்கித் தண்ணீரைச் சாம்பாருக்குப் பருப்பு கொதிக்கும்போது ஊற்றிவிடலாம். அதில் உப்பு இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பூரணம் முழுவதையும் ஒரே நேரத்தில் மசாலாவோடு கலக்காதீர்கள். எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் நிற்க நிற்கக் கொஞ்சம் ஈரம் விடும். பாதியைக் கலந்து 4 சப்பாத்தி முடித்துவிட்டு மீதியைக் கலக்கலாம்.

மயிலை_மாமி

வேளச்சேரி, எங்க பக்கத்துல இதுக்குப் பொட்டுக்கடலை மாவுதான்மா மருந்து. பிழிஞ்ச துருவல்ல 2 மேசைக்கரண்டி போட்டுப் பிசிறு. ஏற்கனவே வறுத்த கடலை, அதனால பச்சை வாடை வராது, ஈரத்தைப் பட்டுன்னு பிடிச்சுக்கும். கடலை மாவு போடறதானா வாணலியில எண்ணெய் இல்லாம வாசனை வர வரைக்கும் வறுத்துட்டுப் போடணும், பச்சையா போட்டா வயித்துக்கு ஆகாது. அவலை மிக்ஸில ஒரு சுத்து சுத்திப் போட்டாலும் ஆகும். ஆனா 3 மேசைக்கரண்டிக்கு மேல எதையும் போடாதே. காய் ருசி போயிடும், வாய்ல மாவா ஒட்டும்.

வெங்காயம் போடணும்னா கடைசியில, உருட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி. வெங்காயமும் தண்ணி விடும்.

கல்_மாவு

மழைக்காலத்தில் மோசமாவதற்கும் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தை மாவும் குடித்துவிடுகிறது. அந்த நாட்களில் 300 கிராம் மாவுக்கு 1 மேசைக்கரண்டி தண்ணீரைக் குறைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் கடைசியில் தெளித்துக்கொள்ளுங்கள். கோடையில் சிக்கல் வேறு மாதிரி. சமையலறைச் சூட்டில் மாவு ஊறும்போதே தளர்ந்துவிடும். மே மாதத்தில் பானைத் தண்ணீரோ ஃப்ரிட்ஜ் தண்ணீரோ ஊற்றிப் பிசையலாம்.

ஃபேனுக்கு அடியில் மாவைத் திறந்து வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டும், அந்தத் தோல் உருண்டைக்குள் போனால் தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் வெடிக்கும். ஈரத் துணி போட்டு மூடுங்கள்.

மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பூரணத்துக்குக் கொடுக்கும் கவனத்தைப் பலர் இதற்குக் கொடுப்பதில்லை. மில்லில் அரைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

பச்சரிசியோ மிளகாயோ அரைத்த பிறகு உங்கள் கோதுமையைப் போடச் சொல்லாதீர்கள். முன்னால் ஓடியதன் மிச்சம் உங்கள் மாவில் வரும். அரிசி மாவு கலந்தால் சப்பாத்தி மாவு இழுபடாது. கோதுமைக்குப் பின் கோதுமை ஓடும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள்.

கோதுமையை வறுத்து அரைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஸ்டஃப்டு சப்பாத்திக்கு அது கெடுதல். மாவுக்கு இழுவை தருவது கோதுமையின் பசைப் புரதம், வறுக்கும் சூட்டில் அது கெட்டுவிடும். வெயிலில் காயவைப்பது போதும்.

சோயா, கொண்டைக்கடலை, கம்பு எல்லாம் சேர்த்து அரைத்த மாவும் இதே காரணத்தால் கிழியும், அவற்றில் அந்தப் புரதம் கிடையாது. பூரணம் வைக்கும் மாவில் இவை எல்லாம் சேர்ந்து 10 சதவீதம் தாண்டக் கூடாது. கிலோ கோதுமைக்கு 100 கிராம்.

மில்லிலிருந்து வந்த மாவு கைக்குச் சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். செய்தித்தாளில் பரப்பி முழுக்க ஆறியபின் எடுத்து வையுங்கள்.

கரகரப்பான தவிட்டைச் சலித்து எடுத்துவிடுங்கள், அது மாவின் இழையை அறுக்கும். எறிய வேண்டாம், தேய்க்கும்போது தொட்டுக்கொள்ளும் மாவாக அதைப் பயன்படுத்தினால் கல்லிலும் குறைவாகக் கருகும்.

கல் எந்திரத்தில் அரைத்த மாவு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், மாவுச்சத்துத் துகள்கள் அதில் அதிகம் நசுங்கியிருக்கும். அதனால் 190 மில்லி என்பது தொடக்க அளவுதான். சில மாவு 200 கேட்கும்.

பெரம்பூர்_கிச்சன்

மைதா வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்வது புதிதாகச் செய்பவர்களுக்கு உதவாது. 300 கிராமில் 60 கிராம் மைதாவாக இருந்தால் மாவு நன்றாக இழுபடும், கிழிசல் குறையும். கை பழகியபின் நிறுத்திக்கொள்ளலாமே.

தங்கசாலை

பெரம்பூர் சார், மைதா கிழிசலைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூரணத்தில் தண்ணீர் நிற்கும் வரை மைதாவாலும் காப்பாற்ற முடியாது, ஈரம் பட்ட இடம் கரையத்தான் செய்யும். ஆறினால் வேறு ரப்பராக இழுக்கும். மைதா செய்யும் வேலையை ஊறும் நேரம் செய்துவிடும். பிசைந்ததும் ஒரு முறை, 15 நிமிடம் கழித்து இன்னும் ஒரு நிமிடம் பிசைந்து மறுபடி 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். தவிடு நீரைக் குடித்து இளகும், மாவு எதிர்த்துச் சுருங்காமல் விரியும்.

தேய்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், பாதிக் கிழிசல் அங்கேதான் நடக்கிறது.

மாவு 60 கிராம் உருண்டை, பூரணம் 45 முதல் 50 கிராம். மாவை 10 செ.மீ. வட்டமாகத் தேய்க்கும்போது நடு தடிமனாக, ஓரம் மெல்லியதாக இருக்க வேண்டும். ஓரம் மெலிந்தால்தான் மடித்துச் சேர்க்கும் இடத்தில் மாவு குவியாது. பூரணத்தை நடுவில் அழுத்தி வைத்து, கொழுக்கட்டைக்கு மடிப்பது மாதிரி சுற்றி மடித்து, உள்ளே காற்று இல்லாமல் மேலே சேர்த்து முறுக்குங்கள். முறுக்கிய குடுமியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதை உள்ளே அமுக்கினால் நடுவில் வேகாத மாவுக்கட்டி நிற்கும்.

மூடிய உருண்டையை உடனே தேய்க்காதீர்கள். மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து 3 நிமிடம் விடுங்கள். முதலில் கட்டை வேண்டாம், விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி 12 செ.மீ. வரை விரியுங்கள். பூரணம் ஓரம் வரை போவது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் கட்டை. நடுவில் அழுத்தாமல் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே சுற்றுங்கள். 17, 18 செ.மீ. அகலம் வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

காற்றுக் குமிழ் தெரிந்தால் ஊசியால் குத்தி விடுங்கள். சிறு கிழிசல் விழுந்தால் உலர்ந்த மாவைத் தொட்டு அழுத்திவிட்டு அந்தப் பக்கத்தையே முதலில் கல்லில் போடுங்கள், பட்டதும் இறுகிவிடும். அந்தச் சப்பாத்தி உப்பாது, சுவையில் குறையிருக்காது.

பழகாதவர்களுக்கு எளிய வழி, 35 கிராம் உருண்டை இரண்டைத் தனித்தனியாக மெல்லியதாகத் தேய்த்து, நடுவே பூரணத்தைப் பரப்பி, ஓரத்தில் தண்ணீர் தடவி ஒட்டிவிடுவது. ஒரு தேய்ப்பு மேலே தேய்த்தால் போதும்.

வேளச்சேரி_வாசகி

மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. கல் பற்றியும் சொல்லுங்கள். தோசைக்கல்லிலேயே போடலாமா? தீ எவ்வளவு? மேலே கருகி உள்ளே மாவு வெள்ளையாக நிற்பதும் நடக்கிறது.

மயிலை_மாமி

தோசைக்கல்லுல சப்பாத்தி போடாதேம்மா. எண்ணெயேறிப் பழகின கல் காய்ஞ்சு போய், மறுநாள் தோசை ஒட்டிண்டு வராது. சப்பாத்திக்குன்னு தனி இரும்புக் கல் வெச்சுக்கோ. கனமானதா இருக்கட்டும். மெல்லிசுக் கல்லுல நடுவுல மட்டும் தீயற மாதிரி சூடு ஏறும், ஓரம் வேகாது.

அடுப்படி_அளவுகள்

கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடிய சில நொடியில் வற்ற வேண்டும். அந்தச் சூட்டில் சப்பாத்தியைப் போட்டுத் தீயை மத்திமத்துக்குக் குறையுங்கள். முதல் பக்கம் எண்ணெய் இல்லாமல் 40 நொடி, மேலே சிறு கொப்புளங்கள் எழும். திருப்பி இன்னும் 40 நொடி. அதன்பிறகுதான் எண்ணெயோ நெய்யோ, பக்கத்துக்கு அரைத் தேக்கரண்டி. முதலிலேயே எண்ணெய் விட்டால் மேல்புறம் சிவந்து, வெந்தது மாதிரிக் காட்டி ஏமாற்றும், உள்ளே வெள்ளையாக நிற்கும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் அதுதான்.

எண்ணெய் தடவியபின் தட்டையான கரண்டியால் ஓரங்களை அழுத்துங்கள். மொத்தம் மூன்றிலிருந்து மூன்றரை நிமிடம் ஆகும். சிம்மில் நிதானமாகச் சுடுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், ஈரம் எல்லாம் போய்ச் சப்பாத்தி விறைத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் நடுவே கல்லைக் காய்ந்த துணியால் துடைக்க மறக்காதீர்கள். உதிர்ந்த மாவு கருகி அடுத்ததில் கறுப்புப் புள்ளியாக, கசப்பாக ஒட்டும்.

கிண்டி_கேண்டீன்

மொத்தமாகச் செய்பவன் என்ற முறையில் மற்ற காய்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாக் காயையும் முள்ளங்கி மாதிரி நடத்த முடியாது.

காலிஃப்ளவர்: மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூச்சிக்காக 5 நிமிடம் வைத்தபின், துணியில் பரப்பி முழுக்க உலரவிட்டுத்தான் துருவ வேண்டும். ஈரத்தோடு துருவினால் சேறாகிவிடும். துருவலை வெறும் வாணலியில் 3, 4 நிமிடம் பெரிய தீயில் கிளறி ஆறவிடுங்கள். மூடி போட்டால் வியர்க்கும். இதற்கு முன்கூட்டி உப்பு போட வேண்டாம், ஆறியபின் போடலாம்.

முட்டைக்கோஸ்: துருவலைவிடப் பொடியாக நறுக்கியது நல்லது. உப்பு பிசிறி 15 நிமிடம், பிழிவது. நடுத் தண்டைத் தவிருங்கள்.

கேரட்: ஊட்டி கேரட் துருவினால் அவ்வளவு நீர் விடாது, பிழியாமலேயே வைக்கலாம். பூரணமாகத் தனியே வைத்தால் உதிரும், உருளையோ பன்னீரோ பாதி சேர்த்தால்தான் உருண்டை நிற்கும்.

பீன்ஸ், பட்டாணி: ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, மத்தால் நசுக்கியபின்தான். முழுப் பட்டாணி ஒன்று இருந்தாலும் அந்த இடம் ஓட்டை.

உருளை: தோலோடு முழுதாக வேகவைக்க வேண்டும். வெட்டிக் குக்கரில் போட்டால் தண்ணீரைக் குடிக்கும். வெந்ததும் வடித்துவிட்டு முழுக்க ஆறியபின் துருவியில் துருவுங்கள். மிக்ஸியில் அடித்தால் கூழாகிப் பசை மாதிரி இழுக்கும். சூடாக உள்ளே வைத்தால் ஆவி மாவை நனைக்கும். குளிர்கிடங்கில் நீண்ட நாள் கிடந்த கிழங்கு இனிக்கும், அந்த மாதிரிக் கிழங்குக்கு மாங்காய்த் தூளும் மிளகாயும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பீட்ரூட்டைப் பூரணமாக வைக்கவே வேண்டாம். சாறு விட்டுக்கொண்டே இருக்கும். மாவில் கலக்கத்தான் அது.

பெரம்பூர்_கிச்சன்

மாவிலேயே காய் கலந்து பிசைவதைப் பற்றி யாரும் பேசவில்லை. காலை அவசரத்துக்கு அதுதான் நடக்கும். அங்கே நடக்கும் தவறு தண்ணீரை முதலில் ஊற்றுவது. பிசைந்தபோது சரியாக இருக்கும் மாவு, 20 நிமிடம் கழித்துக் கையில் ஒட்டும், அதற்குள் காய் தன் நீரை விட்டிருக்கும். பிறகு மேலே மேலே மாவு கொட்டி, உப்பும் காரமும் நீர்த்துப்போகும்.

250 கிராம் ஆட்டா, துருவிய சுரைக்காய் 150 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, மஞ்சள், மிளகாய்த்தூள், எள் 1 தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி. தண்ணீர் இல்லாமல் விரல்களால் 2 நிமிடம் பிசிறி 10 நிமிடம் மூடி வையுங்கள். அதன்பிறகு கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, இன்னும் கேட்டால் மட்டும் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக. கேரட் 100 கிராம் என்றால் தண்ணீர் ஏறக்குறைய 120 மில்லி வரை கேட்கும். பாலக்கீரையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு அரைத்த விழுதானால் விழுதே தண்ணீர், முக்கால் பங்கு ஊற்றி நிறுத்திப் பாருங்கள். வெந்தயக்கீரை இலை மட்டும், பொடியாக நறுக்கி ஒரு கப்.

இந்த மாவை அரை மணிக்கு மேல் ஊறவைக்காமல் தேய்த்துவிட வேண்டும். முதல் நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் தளர்ந்து, கறுத்திருக்கும். இரவே பிசையத்தான் வேண்டும் என்றால் வெறும் மாவைப் பிசைந்து வைத்து, துருவலைத் தனி டப்பாவில் வையுங்கள்.

மயிலை_மாமி

கோதுமையே ஒத்துக்காதவாளுக்கு நம்ம கேழ்வரகு அடை இருக்கே, அதையும் சொல்லிடறேன். 200 கிராம் கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, உப்பு. கொதிக்கிற தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கரண்டியால கிளறணும், 200 மில்லிக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். பச்சைத் தண்ணில பிசைஞ்சா தட்டும்போதே விரிசல் விடும். கேழ்வரகுக்கு இழுவை கிடையாது, வெந்நீர் பட்டு மாவு பாதி வெந்தாதான் ஒண்ணோட ஒண்ணு பிடிக்கும். வாழையிலைல எண்ணெய் தடவித் தட்டி, நடுவுல விரலால ஒரு ஓட்டை போட்டு, கல்லுல மூடி வெச்சு சின்னத் தீயில பக்கத்துக்கு 3 நிமிஷம். இதுக்குத் தோசைக்கல்லே போதும், எண்ணெய் விட்டுத்தானே சுடறோம்.

வேளச்சேரி_வாசகி

முள்ளங்கியைத் துணியில் முறுக்கிப் பிழிந்ததும் சிக்கல் தீர்ந்தது, ஒன்றுகூடக் கிழியவில்லை. கடைசியாக ஒரு கேள்வி. காலை 7 மணிக்குக் கட்டும் டப்பா மதியம் வரை தாங்குமா? முதல் நாளே பாதி சுட்டு வைக்கலாமா?

கிண்டி_கேண்டீன்

தாங்கும். கல்லிலிருந்து எடுத்ததும் தட்டில் அடுக்காதீர்கள், அடியில் வியர்த்து ஈரமாகும். கம்பித் தட்டிலோ முறத்திலோ 3 நிமிடம் ஆவி போகவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஹாட்பாக்ஸிலும் அடியில் ஒரு துணி, மூடிக்கு உள்பக்கம் ஒரு துணி. டப்பாவுக்கு உருளை, கேரட், பன்னீர் பொருத்தம். உருளை வைத்ததை வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

பாதி சுடுவதானால் பக்கத்துக்கு 30 நொடி, எண்ணெய் இல்லாமல். முழுக்க ஆறியபின் நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, காற்றுப் புகாத பையில் ஃப்ரிட்ஜில் 2 நாள். காலையில் நேராகச் சூடான கல்லில் போட்டு எண்ணெய் விட்டு முடிக்கலாம். முள்ளங்கியும் கோஸும் வைத்ததை ஃப்ரீசரில் போடாதீர்கள், உருகும்போது நீர் விட்டு மாவு ஊறிப்போகும். உருளை வைத்தது ஃப்ரீசரில் இரண்டு வாரம் நிற்கும், இளகவிடாமல் அப்படியே மத்திமத் தீயில் கல்லில் போடுங்கள்.